அப்பாவின் மறதியை எங்கே காட்டுவது?

மறதி என்று ஒரு வீட்டில் பேச்சு கிளம்பினால் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஓர் ஊர் சொல்வார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் என்பார் ஒருவர். வேலூர் சி.எம்.சி.யை விட்டால் வேறு கதியில்லை என்பார் இன்னொருவர். திருச்சியில் ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறார், கைராசிக்காரர் என்பார் சம்பந்தி. "எழுபத்தஞ்சு வயசுல மறக்காம என்ன செய்யும், விடுங்க" என்று ஒரு பெரியம்மா முடித்து வைப்பார். அதிகம் பேர் கேட்டு நடப்பது இந்தக் கடைசி யோசனையைத்தான். அதிலேயே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும்.

மாமியாருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டதால், எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் மறதி என்றாலும் போன் எனக்கு வரும். நான் டாக்டர் கிடையாது. எங்கே போனால் என்ன நடக்கும், யாருக்கு எது சரிப்பட்டு வரும் என்பது மட்டும் ஓரளவு தெரியும். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி மாதிரி ஊரில் இருக்கும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சென்னைக்காரர்கள் பயணம் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இருக்கலாம் என்று லாசி-டாட் என்ற முதியோர் ஆய்வு கணக்கிட்டது. 2023ல் வெளிவந்த கணக்கு. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மறதியை விரிவாகப் பரிசோதிக்கும் மெமரி கிளினிக்குகளோ பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. குழப்பமெல்லாம் இந்த இடைவெளியால் வருவது.

எந்த ஆஸ்பத்திரி என்பதற்கு முன்னால், மறதி எத்தனை நாளாக என்று பாருங்கள். போன வாரம் வரை பேப்பர் படித்து, பால் கணக்கு எழுதி வைத்தவர் இரண்டு நாளாக உளறுகிறார், பகலெல்லாம் தூங்கி ராத்திரி எழுந்து உட்கார்கிறார், பெற்ற மகளை யாரென்று கேட்கிறார் என்றால் அது மெமரி கிளினிக் சமாச்சாரமே இல்லை. மூத்திரத் தொற்று, சோடியம் இறங்குவது, சர்க்கரை தாழ்வது, நிமோனியா, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, பக்கவாதம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்தவர் சில வாரம் கழித்து மந்தமாகிக்கொண்டே வந்தாலும் அப்படித்தான். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கட்டியிருக்கலாம், ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மெதுவாகக் கூடி வந்த மறதிக்குத்தான் இனி சொல்வதெல்லாம். அங்கே குடும்பத்தின் முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது உண்டா? மறதி நோய்தான் என்றால் எந்த வகை? இனி வருடக்கணக்கில் இவரை யார் பார்ப்பது? இரண்டாவது கேள்விக்கே பணம், லீவு, அலைச்சல் அத்தனையும் செலவழித்துவிட்டு, மூன்றாவதுக்கு ஆளில்லாமல் நிற்கிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் ஒவ்வோர் இடத்தையும் இந்த மூன்று கேள்விகளை வைத்தே எடை போடுகிறேன்.

உள்ளூர் டாக்டர்

முதல் கேள்விக்கு இவரே போதும். வருடக்கணக்காகப் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பார்த்துவரும் டாக்டரிடம், "மறதியா இருக்கு டாக்டர்" என்று மொட்டையாகச் சொன்னால் சத்து மாத்திரைதான் வரும். "ஆறு மாசமா ஏ.டி.எம்.ல பணம் எடுக்கத் தெரியல, போன மாசம் தெரிஞ்ச தெருவுலயே வழி தவறிட்டாரு" என்று சொல்லுங்கள். தைராய்டு, பி12, ரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எந்தச் சிறிய ஊரிலும் லேபில் எடுத்துவிடலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலோ, பி12 குறைந்தாலோ மறதி மாதிரியே ஒரு மந்தம் வரும். மனச்சோர்வும் அப்படித்தான், மனைவி போன பிறகு ஒடுங்கிவிட்ட தாத்தாக்கள் பலருடைய 'மறதி' அந்த ரகம்.

அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒருவர் தூக்கத்துக்கு எழுதியது, இன்னொருவர் அடிக்கடி மூத்திரம் போவதற்கு எழுதியது, மூன்றாமவர் கால் எரிச்சலுக்கு எழுதிய அமிட்ரிப்டிலின் எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்திருக்கும். இவற்றில் சில, நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தையே மட்டுப்படுத்துபவை. காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காதவர் பதில் சொல்லாமல் இருப்பதை மறதி என்று எடுத்துக்கொள்கிற வீடுகள் உண்டு.

உள்ளூர் டாக்டரால் முடியாதது இரண்டாவது கேள்வி. அல்சைமரா, ரத்தக்குழாய் அடைப்பால் வந்ததா, லூவி பாடி என்ற வகையா என்று பிரித்துச் சொல்ல அவருக்கு நேரமும் இருக்காது, அதற்கான பயிற்சியும் குறைவு.

அரசு ஆஸ்பத்திரி

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நடுத்தரக் குடும்பங்கள் யோசிக்காமலே ஒதுக்கிவிடும் இடம் இது. முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1978ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1996ல் அந்தப் பாடத்தில் எம்.டி. படிப்பு நாட்டிலேயே முதலில் ஆரம்பித்ததும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மையம் 200 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. பல துறை டாக்டர்கள் ஒரே கட்டடத்தில் இருப்பதால், இதயத்துக்கு ஓர் இடம், நரம்புக்கு ஓர் இடம் என்று வயதானவரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

மாவட்டங்களில் நிலைமை வேறு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓ.பி. சீட்டு போடுகிற இடத்திலேயே முதல் முடிச்சு. "மறதி" என்றால் பொது மருத்துவத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து நரம்பியல், அங்கிருந்து மனநலம். முதியோர் மருத்துவ ஓ.பி. இருக்கிறதா, எந்தக் கிழமை என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நேரே மனநலப் பிரிவுக்குச் சீட்டு கேட்பது நல்லது என்பது என் கட்சி. "அப்பாவுக்கு என்ன பைத்தியமா?" என்று தம்பி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மறதி நோயில் வீட்டைப் படுத்தி எடுப்பது மறதி கிடையாது. ராத்திரி தூக்கமில்லாமல் கதவைத் தட்டுவது, மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வது, குளிக்க அழைத்தால் அடிக்க வருவது எல்லாம்தான். இவற்றைக் கையாளுவது மனநல டாக்டரின் அன்றாட வேலை. அதோடு, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவதுண்டு. மூன்றாவது கேள்விக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் பதில் அது.

குறைகளும் உண்டு. கூட்டம். ஒருவருக்கு ஒதுக்க முடிகிற நேரம் சில நிமிடம்தான். போன தடவை பார்த்த டாக்டர் இந்தத் தடவை இருக்க மாட்டார்; மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மறதிக்காரரை அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது லேசான காரியமில்லை. "வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். முடிந்தால் இரண்டு பேர் துணைக்குப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் அவரை வெளியே மரத்தடியில் டீ வாங்கிக் கொடுத்து வைத்திருக்கலாம். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்கேன் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு, இருப்பில் இருக்கும் மாத்திரை இலவசம். அப்புறம், ஊனச் சான்று என்று ஒன்று பிற்பாடு தேவைப்படும். அதற்கு எப்படியும் இங்கேதான் வர வேண்டும். டிமென்ஷியாவுக்கும் அந்தச் சான்று உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்து மனநல டாக்டர் மதிப்பிடுவார்.

தனியார் நரம்பியல் டாக்டர்

வேகம் வேண்டும் என்றால் இங்கே. போனில் அப்பாயின்ட்மென்ட், பெரும்பாலும் ஓரிரு நாளில் எம்.ஆர்.ஐ., கையில் ரிப்போர்ட். சிலருக்கு இந்த வேகம் கட்டாயம் தேவை. 65 வயதுக்குள்ளேயே மறதி ஆரம்பித்தவர்கள், சில வாரங்களில் சடசடவென்று மோசமானவர்கள், வலிப்பு வந்தவர்கள், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்பவர்கள், மறதியைவிட முன்னதாகக் குணமே மாறிப்போனவர்கள் ஆகியோர் நேராக நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டும். மறதியோடு காலைத் தரையோடு இழுத்து நடப்பதும், மூத்திரம் அடக்க முடியாமல் போவதும் சேர்ந்திருந்தாலும் அப்படியே. மூளைக்குள் நீர் தேங்குகிற நோயாக அது இருந்தால், நீர் வடிய ட்யூப் வைத்துச் சிலரைத் தேற்றவும் முடியும்.

மற்றவர்களுக்கு இங்கே நடப்பது பெரும்பாலும் இதுதான்: "பேர் என்ன? காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று இரண்டு கேள்வி, எம்.ஆர்.ஐ., "மூளை சுருங்கியிருக்கு" என்று ஒரு வரி, டோனெபெசில் என்ற நினைவாற்றல் மாத்திரை, மூன்று மாதம் கழித்து வாருங்கள். எம்.ஆர்.ஐ. தேவையில்லாதது என்று சொல்லவில்லை. ஆனால் படத்தை மட்டும் பார்த்து ஒருவருக்கு டிமென்ஷியா என்று சொல்லிவிட முடியாது. எண்பது வயதில் நன்றாக இருப்பவர் மூளையும் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். அன்றாட வேலையில் எது முடியாமல் போனது என்று யாராவது உட்கார்ந்து கேட்டாக வேண்டும். கேட்கிற நரம்பியல் டாக்டர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

டோனெபெசில் ஆரம்பிக்கும் முன் ஈ.சி.ஜி. எடுத்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து அது. எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு ஒரு டாக்டர் டோனெபெசில் எழுத, வேறொரு டாக்டர் மூத்திரத்துக்கு ஆக்சிபியூட்டினின் எழுத, இரண்டையும் சேர்த்தே மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். முன்பு சொன்ன அசிட்டைல்கோலினை ஒன்று ஏற்ற, மற்றது மட்டுப்படுத்தும். இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

மெமரி கிளினிக்

பேரைப் பார்த்துப் பெரிய மெஷின் ஏதோ இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே கிடைப்பது நேரம். டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழு. முதல் தடவை அரை நாள் போய்விடும். உளவியலாளர் பெரியவரைத் தனியாக உட்கார வைத்து மூன்று வார்த்தை சொல்வார், வேறு பேச்சுப் பேசிவிட்டு அந்த மூன்றையும் திரும்பக் கேட்பார். வட்டம் போட்டுக் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வார். பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள்ளேயே அடைத்துவிட்டு, முள்ளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், வீட்டில் நாம் "கவனமே இல்ல" என்று திட்டியது எதை என்று புரியும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் மருமகளிடமோ மகளிடமோ தனியாகக் கேள்விகள்: கடைசியாக எப்போது தனியாக பேங்க் போனார்? ரேஷன் கடையில் சில்லறை எண்ணி வாங்குகிறாரா? அத்தை வைக்கும் சாம்பாரில் ருசி மாறியிருக்கிறதா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா? பெரியவர் முன்னால் வாய் திறக்க முடியாததெல்லாம் அங்கே வெளியே வரும்.

படிப்பு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்று கேட்கிற முப்பது மதிப்பெண் பரிசோதனையில், பள்ளிக்கூடமே போகாத ஆத்தாளுக்கு நோய் இல்லாவிட்டாலும் மதிப்பெண் குறையும். ரிடையர்டு தலைமை ஆசிரியருக்கோ நோய் ஆரம்பித்த பிறகும் நல்ல மதிப்பெண் வந்துவிடும். இந்தச் சிக்கலை எடுத்து ஆராய்ந்த 10/66 என்ற உலகளாவிய ஆய்வுக்குழுவில் சென்னைக்கும் வேலூருக்கும் பங்கு உண்டு. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம் கூட அங்கே நடக்கவில்லை என்பதால் வைத்த பெயர். படிக்காதவர்களைச் சோதிக்கும்போது, கூட இருப்பவர் சொல்வதையும் சேர்த்து எடை போட வேண்டும் என்ற வழி இந்த மாதிரி ஆய்வுகளால் வலுப்பட்டது. ஆகவே எங்கே போனாலும், பரிசோதனையைத் தமிழில் செய்வார்களா, படிப்புக்கு ஏற்றபடி கணக்கு வைப்பார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

சரி, எந்த ஊர்? சென்னை அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம், 1984ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது, டெம்கேர்ஸ் என்ற பெயரில் முதியோர் மறதிக்கென்றே ஒரு பிரிவு நடத்துகிறது. வேலூர் சி.எம்.சி.யில் முதியோர் மருத்துவத் துறை இருக்கிறது. மனநலத் துறை ஊருக்குக் கொஞ்சம் தள்ளி பாகாயத்தில். நிம்ஹான்ஸில் அறிவாற்றல் குறைபாட்டுக்குத் தனிக் கிளினிக் உண்டு, அனுபவத்தில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் டெல்டாவிலிருந்து பெங்களூரு என்றால் ஒரு ராத்திரி ரயில், தெரியாத லாட்ஜ், புது பாத்ரூம். மறதிக்காரருக்கு ஊர் மாறினாலே குழப்பம் இரட்டிப்பாகும். ராத்திரி எழுந்து வாசல் எது என்று தேடுவார். அந்தக் குழப்பத்தோடு மறுநாள் உட்கார்ந்து பரிசோதனை எழுதினால் மதிப்பெண்ணும் இறங்கும். முதல் நாளே சிறப்புக் கிளினிக்கில் பார்த்துவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். நோய் வகை பிடிபடாமல் இங்கே இரண்டு டாக்டர்கள் மாறி மாறிச் சொன்னால் நிம்ஹான்ஸ் போங்கள். சாதாரணமாகச் சென்னை போதும். மகனோ மகளோ அங்கே வீடு வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

போன் வழியும் ஒன்று உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில், அதாவது 14416ல், எந்நேரமும் தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்பவர் மனசு உடைந்து போகிற ராத்திரிகளுக்கு அது உதவும். மெமரி கிளினிக்கில் ஒரு தடவை நேரில் காட்டிய பிறகு, அடுத்தடுத்த ஆலோசனையை வீடியோவில் தருவார்களா என்று கேளுங்கள். முதல் பரிசோதனைக்கு வீடியோ சரிவராது. காது கேட்காதவரிடம் போன் திரையைக் காட்டி என்ன பரிசோதிக்க முடியும்?

நான் என்ன சொல்வேன்

உள்ளூரில் ரத்தப் பரிசோதனையும் மாத்திரைப் பையும் முதல் இரண்டு வாரத்திலேயே முடியட்டும். சரிசெய்யக்கூடியது எதுவும் இல்லையென்றால், ஒரே ஒரு தடவை மெமரி கிளினிக் பயணம். ரத்த ரிப்போர்ட், எடுத்திருந்தால் ஸ்கேன், என்ன எப்போது ஆரம்பித்தது என்று ஒரு பக்கத்தில் எழுதியது, கண்ணாடி, காது மெஷின், கூடவே அன்றாடம் அவரோடு இருக்கும் ஆள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன் மட்டும் அழைத்துப் போனால் பாதிக் கேள்விக்குப் பதில் இருக்காது. திரும்பும்போது, "எங்க ஊர் டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் மாவட்ட ஆஸ்பத்திரி மனநல டாக்டரோ உள்ளூர் டாக்டரோ தொடர்ந்து பார்க்கட்டும். நரம்பியல் டாக்டர், மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால்.

பயணமே முடியாத குடும்பம் என்றால் மெமரி கிளினிக்கை விட்டுவிடலாம். அரசு ஆஸ்பத்திரியில் பொறுமையான ஒரு மனநல டாக்டரும், வீட்டில் விவரம் எழுதி வைக்கிற ஒருவரும் இருந்தாலே தேவையான முடிவுகளை எடுத்துவிட முடியும். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்கு மட்டும் தாமதிக்காதீர்கள். உயில், பேங்க் கணக்கில் கூட்டுப் பெயர், நாமினி எல்லாம் அவர் தெளிவாக இருக்கும்போதே அவர் கையெழுத்தில் முடிய வேண்டியவை. பிறகு கோர்ட் வரை போக நேரும்.

பண விஷயம்: முதல்வர் காப்பீடானாலும், 2024 அக்டோபரிலிருந்து 70 வயது தாண்டியவர்களுக்கு வந்த ஆயுஷ்மான் அட்டையானாலும், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். புறநோயாளியாகப் போகும் மெமரி கிளினிக் செலவு கைக்காசுதான். பழைய வரி முறையில் இருப்பவர்கள், ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், வருமான வரியில் 80டிடிபி என்று வழங்கிவந்த கழிவில் டிமென்ஷியா சிகிச்சைச் செலவைக் காட்டலாம். மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தனியாரில் பார்ப்பவர்களுக்கு இந்தக் கழிவுக்கான மருந்துச் சீட்டை நரம்பியல் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். மனநல டாக்டரிடமே பார்த்துவருபவர்களும் இதற்காக நரம்பியல் டாக்டரை ஒரு தடவை பார்த்துவைப்பது அதனால்தான்.

இன்னொரு ரகம் இருக்கிறது. பேச்சு நின்று, படுக்கையோடு ஆகிவிட்ட பிறகு "ஒரு தடவையாவது பெரிய இடத்துல காட்டிடலாமே" என்று ஆம்புலன்ஸ் பேசுகிறவர்கள். அந்தக் கட்டத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. படுக்கைப் புண், விழுங்கும்போது புரை ஏறுவது, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி இவைதான் அவருடைய அன்றைய பிரச்சினைகள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு, வீடு தேடி வந்து பார்க்கும் நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துவிட்டு வந்தால் போதும்.